1.3 செகண்ட் இன்ஜினீயரிங்!

ஆப்பிரிக்கக் காட்டில் ஒரு எருமை வெச்ச எக்ஸாம்... அதுல ஃபெயில் ஆன ஒரு தோட்டா... அரியர் எழுதி பாஸ் பண்ண ஒரு துப்பாக்கி!

ஒரு சின்ன கணக்கு மக்களே... பேப்பர், பேனா எதுவும் வேணாம். மனசுலேயே போடலாம்.

700 கிலோ எடையில் ஒரு ஆப்பிரிக்கக் காட்டெருமை. ஏற்கெனவே குண்டடி பட்டு, செம கடுப்பில் இருக்கு. புதருக்குள்ளே இருந்து மணிக்கு 55 கி.மீ. வேகத்தில் உங்களைப் பார்த்து ஓடி வருது. நடுவில் இருக்கிற தூரம் வெறும் 20 மீட்டர். உங்க கையில் எவ்வளவு நேரம் இருக்கு?

விடை: 1.3 செகண்ட்.

அதுக்குள்ளே துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டு வரணும், குறி பார்க்கணும், விசையை இழுக்கணும். நீங்க எல்லாத்தையும் சரியா செஞ்சாலும், கையில் இருக்கிற மெஷின் அந்த ஒரு நொடியில் சொதப்பக் கூடாது. தோட்டா சிக்கக் கூடாது. மருந்து சரியா எரியணும். குண்டு எலும்பைத் துளைச்சு உள்ளே போகணும். 'ஸாரி, ட்ரை அகெய்ன்' எல்லாம் கிடையாது!

இந்த ஒரு நொடிக்காகவே கட்டுற துப்பாக்கிகளுக்குப் பேர்தான் 'பிக் போர்' ரைஃபிள். அதாவது, பெரிய துளை உள்ள துப்பாக்கி. என்.சி.சி. கேம்ப்பில் பாயின்ட் 22 ரைஃபிள் சுட்டிருப்பீங்களே... அதோட குழல் துளை கிட்டத்தட்ட 5.6 மி.மீ. நாம பார்க்கப்போற .458 ஆசாமியோட குண்டு 11.6 மி.மீ. தடிமன். நம்ம ஆள்காட்டி விரல் நுனியை மனசுல வெச்சுக்கங்க, போதும்.

'எதுக்குப்பா நமக்கு வேட்டைத் துப்பாக்கி கதை?'னு கேட்கிறீங்களா? இது வேட்டைக் கதை இல்ல பாஸ். டேட்டா ஷீட்டை நம்பி ஏமாந்த கதை. கேம்பஸ்ல இருக்கிற நமக்குத்தான் இது ரொம்பத் தேவை.

பெட்டியில ஒண்ணு... காட்டுல ஒண்ணு!

முதல்ல ஒரு குட்டி கிளாஸ். தோட்டாவுல முக்கியமா மூணு ஐட்டம். பின்னாடி பித்தளைக் குப்பி, அதுக்குள்ளே வெடிமருந்து, முன்னாடி மூடி மாதிரி உட்கார்ந்திருக்கிற குண்டு. மருந்து எரிஞ்சு வாயுவா மாறும். அந்த வாயு குண்டைப் பிடிச்சுத் தள்ளும். மேட்டர் ஓவர்.

1898-ல் லண்டன் துப்பாக்கித் தயாரிப்பாளர் ஜான் ரிக்பி, .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ்னு ஒரு தோட்டாவைக் கொண்டு வந்தார். யானை, காட்டெருமைக்கானது. அதோட குப்பி நீளம் 82.5 மி.மீ. 'எதுக்கு இவ்ளோ நீளம்?'னு தோணுதில்ல? அங்கேதான் சூட்சுமம். அந்தக் காலத்து 'கார்டைட்' மருந்துக்கு வெயில் ஆகாது. லண்டன் குளிர்ல சமத்தா எரியும். ஆப்பிரிக்க வெயில்ல சூடு ஏறினா உள்ளே அழுத்தம் எகிறிடும். அதனால குப்பியைப் பெருசாக்கி, சாதாரண நேரத்துல அழுத்தத்தைக் குறைச்சே வெச்சாங்க. வெயில்ல கொஞ்சம் ஏறினாலும் தாங்கும். தயாரிக்கிற ஊரை விட்டுட்டு, பயன்படுத்துற ஊரை நினைச்சுப் பண்ண டிசைன்!

ஆனா, அந்தத் தோட்டாவைச் சுடுற இரட்டைக்குழல் துப்பாக்கி செம காஸ்ட்லி. ரெண்டு குழலும் ஒரே இடத்தைத் தாக்கணும்னு கைவினைஞர்கள் சுட்டுப் பார்த்து, திருத்தி, மறுபடியும் சுட்டுப் பார்த்து ஒட்ட வைக்கிற வேலை. ராஜாக்களும் கோடீஸ்வரர்களும்தான் வாங்க முடியும்.

1956-ல் அமெரிக்காவின் வின்செஸ்டர் கம்பெனி உள்ளே வந்துச்சு. '.458 வின்செஸ்டர் மேக்னம்'னு ஒரு தோட்டா. 32.4 கிராம் குண்டு, செகண்டுக்கு சுமார் 650 மீட்டர் வேகம். பழைய .450 கிட்டத்தட்ட செய்ற அதே வேலை. ஆனா, குப்பி நீளம் 63.5 மி.மீ. மட்டும். ஏன் சுருக்கினாங்க? சாதாரண வேட்டைத் துப்பாக்கி சைஸ்லேயே அடங்கிடும். ஃபேக்டரியில் மொத்தமா அடிச்சுத் தள்ளலாம், விலை குறையும். ஐடியா சூப்பர்தான். ஆப்பிரிக்க வேட்டை வழிகாட்டிகள் சந்தோஷமா வாங்கினாங்க.

பிரச்னை மெதுவாத்தான் தெரிஞ்சது. நீளமான குண்டு குப்பிக்குள்ளே இறங்கி இடத்தை அடைச்சுக்கிச்சு. மிச்சமிருந்த இடத்துல மருந்தை அழுத்தித் திணிக்க வேண்டியதாப் போச்சு. ஹாஸ்டலை காலி பண்ற அன்னிக்கு பேக்ல துணியைத் திணிப்போமே, அந்த மாதிரி. அப்படித் திணிச்ச மருந்து நாளாக ஆக கெட்டியாகி, வெல்லக்கட்டி மாதிரி ஒட்டிக்கிச்சு. கட்டியா இருக்கிற மருந்து ஒரே சீரா எரியாது. போதாக்குறைக்கு, பெட்டியில் போட்டிருந்த வேகம் நீளமான டெஸ்ட் குழலில் அளந்தது. காட்டுக்குப் போன துப்பாக்கிகளின் குழல் அதைவிடக் குட்டை.

ரிசல்ட்? பெட்டியில் 650-னு அச்சடிச்சிருந்தது. காட்டில் பல துப்பாக்கிகள் 600-ஐ எட்டவே தடுமாறின. 'ஐம்பது மீட்டர் குறைஞ்சா என்ன, ஜுஜுபி'னு நினைக்காதீங்க. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் 8 சதவீதம் குறைஞ்சா, ஆற்றல் 15 சதவீதம் காலி. எருமையோட தோள்பட்டை எலும்புக்கு முன்னாடி அந்த 15 சதவீதம் ரொம்பப் பெருசு.

எருமை வெச்ச வைவா!

இப்ப ஹீரோ என்ட்ரி. பேர் ஜாக் லாட். அமெரிக்க வேட்டைக்காரர், துப்பாக்கி ஆராய்ச்சியில் பைத்தியம். 1959-ல் மொஸாம்பிக்ல ஒரு காட்டெருமையை இதே .458 வின்செஸ்டரால் சுட்டார். அது சாயல. திரும்பி வந்து இவரைத் தூக்கி அடிச்சது. மனுஷன் உயிர் பிழைச்சதே பெரிய விஷயம்.

அடிபட்ட ஆள் என்ன பண்ணுவார்? 'இனி காட்டுப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன்'னு ஓடுவார், இல்லேன்னா கம்பெனியைத் திட்டிட்டு உட்காருவார். இவர் உட்கார்ந்து யோசிச்சார். குண்டு ஓ.கே. தடிமன் ஓ.கே. குறை எங்கே? குப்பியில இடம் பத்தல. அவ்ளோதான்!

புதுசா எதையும் கண்டுபிடிக்கல அவர். 1912-லேயே ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் கம்பெனி போட்ட .375 மேக்னம் தோட்டாவோட குப்பி 72.4 மி.மீ. நீளம். அதன் வாயை .458 குண்டு உட்காருற அளவுக்கு அகலமாக்கி, நீளத்தை 71.1 மி.மீ.-க்குக் கத்தரிச்சார். 1971-ல் பிறந்தது '.458 லாட்'. வின்செஸ்டரைவிட 7.6 மி.மீ. மட்டும் நீளம். மருந்துக்கு மூச்சுவிட இடம் கிடைச்சது. அதே 32.4 கிராம் குண்டு செகண்டுக்கு 700 மீட்டரைத் தொட்டுச்சு.

அதில் இன்னொரு புத்திசாலித்தனம். லாட் துப்பாக்கியில் அவசரத்துக்குப் பழைய வின்செஸ்டர் தோட்டாவையும் போட்டுச் சுடலாம். குண்டு ஒண்ணு, குப்பியின் அடிப்பக்கம் ஒண்ணு, நீளம் மட்டும்தானே குறைவு? நடுக்காட்டில் லாட் தோட்டா தீர்ந்து, பக்கத்து டவுன்ல வின்செஸ்டர் மட்டும்தான் கிடைக்குதுன்னாலும் கவலை இல்ல. இன்னிக்கு நாம 'பேக்வேர்ட் கம்பாட்டிபிளிட்டி'னு ஸீன் போடுறோமே, அதை அவர் பித்தளையில செஞ்சார்.

வருஷக்கணக்கா இந்தத் தோட்டாவைப் பெரிய கம்பெனி எதுவும் சீண்டல. வேணும்கிறவங்க வின்செஸ்டர் துப்பாக்கியை வாங்கி, தனியார் பட்டறையில் கொடுத்து மாத்திக்கிட்டாங்க. 2002-ல்தான் ரூகர் துப்பாக்கியையும், ஹார்னடி தோட்டாவையும் கடைக்குக் கொண்டு வந்தாங்க. ஒரு தனி மனுஷனோட கோபம் ஃபேக்டரிக்குள்ளே நுழைய முப்பது வருஷம்! நியாயமா ஒண்ணு சொல்லணும்... வின்செஸ்டர் தோட்டாவும் பின்னாடி வேற மருந்து போட்டுத் திருந்திடுச்சு. இன்னிக்கு அது நம்பகமான தோட்டாதான்.

நியூட்டன் தோள்ல குத்தினா..?

சரி, வேகத்தை ஏத்தியாச்சு. சும்மா விடுவாரா நியூட்டன்? மூன்றாம் விதியைக் கையில் எடுத்துக்கிட்டு வந்து நிப்பார்.

கணக்குப் போடுவோம். குண்டு 0.0324 கிலோ, வேகம் 700 மீட்டர். உந்தம் சுமார் 22.7. குண்டுக்குப் பின்னாடி பீறிட்டு வெளியேறுற வாயுவோட பங்கையும் சேர்த்தா கிட்டத்தட்ட 29 வரும். இதே உந்தம் துப்பாக்கிக்கும் பின்பக்கமா கிடைக்கும். துப்பாக்கி எடை 4.5 கிலோன்னு வெச்சா, செகண்டுக்கு சுமார் 6.4 மீட்டர் வேகத்துல உங்க தோளைத் தாக்கும். மணிக்கு 23 கி.மீ. வேகத்தில் ஒரு நாலரைக் கிலோ கட்டை!

கிரிக்கெட் பாஷையில் சொன்னா, மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வர்ற பந்தின் உந்தம் ஆறு சொச்சம். அப்படி அஞ்சு பந்து ஒரே நேரத்தில் தோளில் விழுந்தா எப்படி இருக்கும்? அதான் .458 லாட். என்.சி.சி. பாயின்ட் 22-வோட ஒப்பிட்டா, குண்டின் உந்தம் மட்டுமே இருபத்தைந்து மடங்குக்கு மேல. அந்தத் துப்பாக்கிக்கே கண்ணை மூடுற பார்ட்டிகள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போயிடலாம்.

இதனாலதான் இந்தத் துப்பாக்கியை லேசா செய்ய மாட்டாங்க. எடை கூடினா உதை குறையும். அதே சமயம், நாள் முழுக்க வெயில்ல தூக்கிட்டு நடக்கவும் வேணும். நாலரையிலிருந்து அஞ்சு கிலோ. அதுதான் தோளுக்கும் காலுக்கும் நடுவில் போட்ட சமாதான ஒப்பந்தம்.

பட்டறைக்குள்ளே ஒரு ரவுண்டு!

தனி ஆர்டர்ல ஒரு .458 கட்டுறப்ப பட்டறையில் என்னவெல்லாம் கவனிக்கிறாங்க? நாலு விஷயம்தான்.

ஒண்ணு, தோட்டாவை ஊட்டுற மெஷின். 1898-ல் ஜெர்மனியின் பால் மவுசர் செஞ்ச டிசைன்தான் இன்னிக்கும் தல. தோட்டா மேகஸினை விட்டு மேலே வர்றப்பவே ஒரு பெரிய நகம் அதைக் கவ்விக்கும். துப்பாக்கியைத் தலைகீழாப் பிடிச்சாலும், பதற்றத்தில் பாதி இழுத்து விட்டாலும் தோட்டா நழுவாது. வின்செஸ்டரோட 'மாடல் 70' துப்பாக்கியிலும் இந்த நகம் இருந்துச்சு. 1964-ல் செலவைக் குறைக்க அதை எடுத்துட்டாங்க. வாங்கினவங்க கொந்தளிச்சாங்க. பழைய, 1964-க்கு முந்தைய மாடலைத் தேடித் தேடி வாங்கினாங்க. 1990-களின் தொடக்கத்தில் கம்பெனி அந்த நகத்தைத் திரும்பக் கொண்டு வந்தது.

ரெண்டு, தோட்டா உட்காருற அறை. குண்டு வெடிக்கிறப்ப இங்கே அழுத்தம் 4,000 பாருக்கு மேல போகும். வீட்டு குக்கர் விசில் அடிக்கிறது 1 பார்ல! அறையின் ஆழம் கொஞ்சம் கூடிப்போனா குப்பி கிழியும், வாயு பின்பக்கம் பீறிடும். அதனால மயிரிழை அளவு வித்தியாசத்தைக்கூட அளக்கிறாங்க. எதை வெச்சு? மெட்ராலஜி லேப்ல தூங்கிக்கிட்டே பார்த்தோமே 'கோ, நோ-கோ' கேஜ்... அதேதான்! 'கோ' உள்ளே போய் கதவு மூடணும், 'நோ-கோ' வெச்சா மூடக் கூடாது. அந்த லேப்பை இனிமே மொக்கைன்னு சொல்லாதீங்க, ப்ளீஸ்.

மூணு, கட்டை. வால்நட் மரத்துல செய்ற பின்பக்கக் கட்டை பார்க்க அழகா இருக்கும். ஆனா, உதை முழுக்க உலோகத்திலிருந்து மரத்துக்குப் போறது சின்னதா ஒரு முட்டு வழியாத்தான். அங்கே மரமும் உலோகமும் சரியாப் பொருந்தலேன்னா, பாரமெல்லாம் ஒரே புள்ளியில் குவிஞ்சு கட்டை பிளந்துடும். அதனால இடைவெளியை எபாக்ஸி பசையால் நிரப்பி, குறுக்கே ஸ்டீல் போல்ட் போடுறாங்க. 'ஸ்ட்ரெஸ் கான்சன்ட்ரேஷன்'னு போர்டுல எழுதிப் போட்டாங்களே, அது இதான்.

நாலு, சின்னச் சின்ன விஷயம். தோள்வார் மாட்டுற வளையம் சாதாரணத் துப்பாக்கியில் முன்பக்கக் கட்டையில் இருக்கும். இதுல அங்கே வெச்சா, உதைக்கிறப்ப பிடிச்சிருக்கிற கையைக் கிழிச்சிடும். அதனால குழலுக்கே கொண்டு போயிடுவாங்க. தொலைநோக்கி வெச்சாலும் கண்ணுக்கும் அதுக்கும் நல்ல இடைவெளி வேணும். இல்லேன்னா புருவத்துல அரைவட்டமா ஒரு தழும்பு கேரன்ட்டி!

கட்டி முடிச்சதும் பாஸ் போட்டுட முடியாது. இங்கிலாந்தில் எந்தத் துப்பாக்கியையும் சட்டப்படி சோதனைச் சாலையில் காட்டாம விற்க முடியாது. லண்டன் துப்பாக்கிக் கைவினைஞர் சங்கத்துக்கு அரசு சாசனம் கிடைச்சது 1637-ல். பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-ல் வந்தது. வழக்கமான உச்ச அழுத்தத்தைவிட சுமார் 25 சதவீதம் அதிகமா கொடுக்கிற ஸ்பெஷல் தோட்டாவைப் போட்டுச் சுடுவாங்க. தாங்கினா முத்திரை, இல்லேன்னா குப்பைத்தொட்டி!

துக்கடா: இத்தனை சைஸ் ஏன்? நாமதான் காரணம்!

.450 நல்லாத்தானே இருந்துச்சு... அப்புறம் ஏன் .465, .470, .475-னு பட்டியல் நீளுது? 1900-களின் முதல் பத்தாண்டில் பிரிட்டிஷ் அரசு இந்தியாவுக்கும் சூடானுக்கும் .450 துப்பாக்கிகள் வரத் தடை போட்டது. பழைய ராணுவத் துப்பாக்கியான மார்ட்டினி-ஹென்றியும் அதே சைஸ். அந்தக் குண்டுகள் கலகக்காரர்கள் கைக்குப் போயிடுமோன்னு பயம். லண்டன் கம்பெனிகள் அசரல. துளையை இம்மியளவு மாத்தி ஆளுக்கொரு புது சைஸ் போட்டுக் கல்லா கட்டிட்டாங்க!

சுடுறதைவிட கஷ்டம், கண்ணை மூடாம இருக்கிறது!

துப்பாக்கி ரெடி. இப்ப சுடணும். இங்கேதான் மெஷினைவிட மனுஷன் வீக். ரெண்டு தடவை உதை வாங்கின உடம்பு, மூணாவது தடவை விசையை இழுக்கிறதுக்கு முன்னாடியே தானா விதிர்க்கும். கண் மூடும், தோள் முன்னாடி தள்ளும், குண்டு எங்கேயோ போகும். 4,000 பாருக்குக் கட்டின துப்பாக்கி ஒரு இமை துடிப்பில் தோத்துடும்.

அதனால அனுபவசாலிகள் பயிற்சியை சின்னத் துப்பாக்கியில்தான் ஆரம்பிக்கிறாங்க. பெரிய துப்பாக்கியை மேஜையில் சாய்ஞ்சு உட்கார்ந்து சுடுறதைக் குறைச்சுக்கிறாங்க. உட்கார்ந்தா உடம்பு பின்னாடி அசைஞ்சு கொடுக்காது, மொத்த உதையும் தோளுக்கே. நின்னுக்கிட்டு சுட்டா உடம்பு வில்லு மாதிரி வளைஞ்சு வாங்கிக்கும். நடுவில் தெரியாம ஒரு டம்மி தோட்டாவைக் கலந்து வைப்பாங்க. 'க்ளிக்'னு சத்தம் மட்டும் வர்றப்ப குழல் முனை ஆடினா, ஆள் பயந்திருக்கார்னு அர்த்தம். பொய் சொல்லவே முடியாத டெஸ்ட்!

சைஸ் மட்டுமே எல்லாம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு பேர் போதும்... டபிள்யூ.டி.எம். பெல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தந்தத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்னவர். பெரும்பாலும் 7 மி.மீ. துப்பாக்கியால்! யானை மண்டையோட்டின் அமைப்பை அறுத்துப் பார்த்துப் படிச்சு வெச்சிருந்தார். எங்கே அடிக்கணும்னு தெரிஞ்சவருக்குப் பெரிய குண்டு தேவைப்படல. படிக்கிறப்பவே வயித்தைப் பிசையுது இல்ல? ஆயிரம் யானை...

அப்ப இந்தத் துப்பாக்கி யாருக்கு?

நேரா சொல்லிடுறேன். பொழுதுபோக்குக்காக ஒரு உயிரைக் கொல்றது எனக்கு ஒப்பல. நம்ம ஊர்ல 1972-ம் வருஷத்து வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கதவைச் சாத்திடுச்சு. கென்யாவில் 1977-லேயே தடை. லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வெச்சிருக்கிறதும் செய்றதும் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி குற்றம். அதனால ஒர்க்‌ஷாப் லேத்தைப் பார்த்து யாரும் கண்ணடிக்க வேணாம்!

ஆனா, வேட்டை அனுமதி உள்ள பல ஆப்பிரிக்க நாடுகள், பெரிய மிருகங்களுக்குக் குறைஞ்சது .375 சைஸாவது இருக்கணும்னு சொல்றதில் ஒரு நியாயம் இருக்கு. பத்தாத துப்பாக்கியால் அடிபட்ட மிருகம் உடனே சாகாது. காயத்தோட நாள்கணக்கில் திரியும். அதைத் தேடிப் புதருக்குள்ளே முதல்ல நுழையறது டாலர் கொடுத்து வந்த வேட்டைக்காரர் இல்ல. கூலிக்குத் தடம் பார்க்கிற உள்ளூர்க்காரர். பெட்டியில் அச்சடிச்ச பொய் வேகத்துக்கு ரத்தத்தில் விலை கொடுக்கிறது அந்த மிருகமும் அவரும்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கு. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் சுற்றுலாப் பயணிகளை நடத்தியே காட்டுக்குள்ளே கூட்டிட்டுப் போவாங்க. முன்னாடி நடக்கிற வழிகாட்டியோட தோள்ல ஒரு பெரிய ரைஃபிள் தொங்கும். காத்து அடிக்கிற திசை பார்த்து, குரல் கேட்டு, மிருகத்துக்கு வழிவிட்டு ஒதுங்கறதுதான் அவரோட நிஜமான திறமை. துப்பாக்கியை எடுக்காமலே வீட்டுக்கு வந்தா அன்னிக்கு அவருக்கு நல்ல நாள். ஆனாலும் தினமும் அதைச் சுத்தம் பண்ணி, தோட்டாவை ஒவ்வொண்ணா உருட்டிப் பார்த்துட்டுத்தான் கிளம்புவார்.

நீங்க நாளைக்கு பிரேக் டிசைன் பண்ணலாம், லிஃப்ட் பண்ணலாம், ஆபரேஷன் தியேட்டர்ல ஓடுற ஒரு பம்ப் பண்ணலாம். எல்லாத்துக்கும் எங்கேயோ ஒரு 1.3 செகண்ட் காத்திட்டிருக்கு. அதனால அடுத்த தடவை ஒரு பெட்டி மேலே பளபளன்னு ஒரு நம்பரைப் பார்த்தா, உடனே தலையாட்டாதீங்க. 'இதை எந்த வெயில்ல அளந்தீங்க பாஸ்?'னு ஒரு கேள்வி கேட்டுட்டு, அப்புறம் பில் போடச் சொல்லுங்க!